வலது கை சொன்னதும் விளக்கு சொல்லாததும்

பின்னால் வருகிறவனுக்கு 'நீ முந்திக்கொண்டு போ' என்று சொல்ல ஒரு சைகை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டம் போட வேண்டும். 1989-இல் வந்த சாலை விதிகள் டிரைவரின் வலது கைக்குக் கொடுத்த ஐந்து சைகைகளில் இது கடைசி. வேகம் குறைக்கிறேன், நிற்கப் போகிறேன், வலப்பக்கம் திரும்புகிறேன், இடப்பக்கம் திரும்புகிறேன் என்ற மற்ற நான்கும் என்னைப் பற்றிய செய்திகள். இது ஒன்றுதான் அடுத்தவனுக்குக் கொடுக்கும் அனுமதி. இன்று மும்பையின் சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் மான்குர்த்தைக் கடக்கும் வண்டிகளில் இந்தச் சைகையை யாராவது காட்டினால், காற்று வாங்கக் கை நீட்டுகிறார் என்றுதான் பின்னால் இருப்பவர் நினைப்பார். ஆனால் சைகை போனதோடு அதன் தேவை போய்விடவில்லை. அந்தத் தேவையைத்தான் இப்போது ஹாரனும் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் தாறுமாறாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நம் சாலைகளில் 'எழுதாத விதி' என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி சட்டத்தை மதிக்காதவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. சட்டம் ஒரு காலத்தில் எழுதி வைத்துப் பிறகு பாதியில் விட்டதன் மிச்சம் அது, அல்லது சட்டம் எழுதாமலே விட்ட இடத்தில் போட்ட ஒட்டு. இதைப் பார்க்க மான்குர்த்தைவிட நல்ல இடம் மும்பையில் இல்லை.

மான்குர்த் வெகுகாலம் முட்டுச்சந்து. நகரத்தின் குப்பை 1927 முதல் பக்கத்துத் தேவ்னாரில் கொட்டப்பட்டது. ஆடு, மாடு வெட்டும் தொட்டி 1971-இல் அங்கேயே வந்தது. அதற்கு அப்பால் உப்பளம், சதுப்பு, தானே கடற்கழி. புனேக்குப் போகிற லாரி வடக்கே தானே வரை ஏறி, கழியைச் சுற்றிக்கொண்டு பன்வேலுக்கு இறங்க வேண்டியிருந்தது. 1973-இல் வாசிப் பாலம் திறந்தபோது முட்டுச்சந்து வாசலாக மாறியது. இரண்டாவது பாலம் 1997-இல் வந்தது, மூன்றாவதன் ஒரு பாதி 2024-இல் திறந்தது. ரயில்கூட 1992 வரை இங்கேயே நின்று திரும்பியது. நடுவில் 1989-இல் நவா ஷேவா துறைமுகம் இயங்கத் தொடங்கியது. நகரின் மொத்த விற்பனைச் சந்தைகளும் ஒவ்வொன்றாகக் கழிக்கு அப்பால் வாசியில் உள்ள ஏ.பி.எம்.சி. விளைபொருள் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தன. கன்டெய்னர், வெங்காய லாரி, குப்பை லாரி எல்லாம் ஒரே சாலையில் சேர்ந்தன. அவற்றோடு கோவண்டியிலிருந்தும் சீட்டா கேம்ப்பிலிருந்தும் வரும் ஆட்டோக்கள், பெஸ்ட் நகரப் பஸ்கள், லல்லுபாய் காம்பவுண்ட், மகாராஷ்டிரா நகர் சந்துகளிலிருந்து புறப்படும் பைக்குகள். நெடுஞ்சாலைக்காரனின் பழக்கமும் நகரத்தானின் பழக்கமும் முதன்முதலாக முட்டிக்கொள்ளும் இடம் மான்குர்த் டி ஜங்ஷன்தான். இரண்டும் தனித்தனி வரலாறு உள்ளவை.

நெடுஞ்சாலைக்காரனின் பழக்கம் ஒற்றை வழித் தாரில் பிறந்தது. எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் இருவருமே ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டிய அகலம்தான் அந்தச் சாலைகளுக்கு இருந்தது. 1954-இல் ஜம்ஷெட்பூரிலிருந்து டாடா–மெர்சிடிஸ் லாரிகள் இறங்கத் தொடங்கிய பிறகும் பல பத்தாண்டுகளுக்கு நிலைமை அதுதான். மரத்தில் அடித்த கேபின், பின்னால் கூரைக்கு மேல் அடுக்கிய சுமை. இடப்பக்கம் நடப்பது எதுவும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் கிளீனர். இடப்பக்கக் கதவில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டு தட்டினால் போ. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அது வசவல்ல, 'நான் இங்கே இருக்கிறேன், சைடு கொடு' என்ற விண்ணப்பம். முன்னால் போகிறவன் எதிரே பார்த்து, சாலை காலியாக இருந்தால் கையை வீசுவான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு டிரைவர்கள் 'சைடு கேட்பது', 'சைடு கொடுப்பது', 'சைடு வாங்கிப் போவது' என்று இன்றும் பேசுவது இந்த மூன்று படிகளைத்தான். கேட்பதும் கொடுப்பதும் இல்லாமல் வாங்குவது அவர்களிடையே மரியாதைக் குறைவு. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் இந்த மரபுதான். கண்டாலா மலைப்பாதையில் அதைக் கடைப்பிடித்த பலர் அது 1989 விதிகளில் எழுதியே இருந்தது என்று அறிந்திருக்க மாட்டார்கள். வழக்கம் எது, சட்டம் எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் அங்கே ஒன்றாகியிருந்தன.

பிரிவு எங்கே நேர்ந்தது என்று தேடினால் சட்டத்தின் ஒரு சிறு வாசகத்தில் போய் நிற்கிறோம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, டிரைவர் சைகை காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு விலக்கும் தந்தது. வலம் இடம் திரும்புவதையும் நிற்பதையும் மட்டும் கைக்குப் பதிலாக இயந்திரக் கருவியாலோ மின் கருவியாலோ காட்டலாம். 1988 சட்டத்தின் 121-ஆம் பிரிவும் இதையே திருப்பிச் சொன்னது. அதாவது இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் கையின் சில வேலைகளை எடுத்துக்கொண்டன. 'நீ முந்தலாம்' என்ற அனுமதிக்கு விளக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை, அது கையிடமே விடப்பட்டது. கை உள்ளே போய்விட்ட காலத்தில் அந்த ஒரு செய்தி அனாதையானது. டிரைவர்கள் சும்மா இருக்கவில்லை, இருக்கிற விளக்கிலேயே அதை ஏற்றினார்கள். கை வலப்பக்கம்தானே நீண்டது என்று சிலர் வலது இண்டிகேட்டரைப் போட்டு 'வா' என்றார்கள். 'நான் இடப்பக்கம் ஒதுங்குகிறேன், நீ போ' என்று வேறு சிலர் இடது இண்டிகேட்டரைப் போட்டார்கள். விளைவு என்ன? முன்னால் போகும் லாரியின் வலது இண்டிகேட்டர் மினுக்கினால் அது திரும்பப் போகிறதா, நம்மைக் கூப்பிடுகிறதா என்று பின்னால் வருகிற பைக்காரர் ஊகிக்க வேண்டும். தவறாக ஊகித்தால் சக்கரத்துக்கடியில். இதை டிரைவர்களின் ஒழுங்கீனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஐந்து சைகைகளில் மூன்றை மட்டும் விளக்குக்கு மாற்றி, ஐந்தாவதைக் கேட்பாரற்று விட்டது டிரைவர் அல்ல.

லாரியின் பின்பக்கத்தில் எழுதிய 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' இந்த இடைவெளியை நிரப்ப வந்த இன்னொரு ஏற்பாடு. அந்த 'ஓகே' எப்படி வந்தது என்பதற்கு யுத்த காலத்து மண்ணெண்ணெய் லாரியிலிருந்து டாடா சோப்பு வரை கதைகள் உண்டு, கதைகளாகவே இருக்கட்டும். வாசகத்தின் வேலை தெளிவு: என் பின்புறம் எனக்குத் தெரியாது, சத்தம் போட்டுச் சொல். 2015 ஏப்ரல் 30-ஆம் தேதி மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை வணிக வாகனங்களில் இதை எழுதக் கூடாது என்று தடை போட்டது. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்பது காரணம். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எழுத்தை அழித்தால் ஹாரன் நின்றுவிடும் என்ற நம்பிக்கை, கேள்வியைத் தடை செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது போன்றது. ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்து, 2020 ஜனவரியில், மும்பைப் போலீசே வேறு வழியைக் காட்டியது. சிக்னலில் நிற்கும் வண்டிகளின் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். சில சந்திப்புகளில் செய்துபார்த்த அந்தச் சோதனையின் காணொளி உலகம் சுற்றியது. அது புத்திசாலித்தனமானது, ஏனென்றால் சிக்னலில் அடிக்கும் ஹாரனுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, வெறும் பொறுமையின்மை. கன்டெய்னரின் இடப்பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்காரர் அடிக்கும் ஹாரன் அப்படியல்ல, அது உயிர்ப் பிச்சை. இரண்டையும் ஒரே 'ஒலி மாசு'க் கணக்கில் எழுதுவதுதான் நம் சாலைச் சீர்திருத்தங்களின் பழைய நோய்.

ஹெட்லைட் விஷயத்திலும் இதே கதை. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் 1931 முதல் வந்துகொண்டிருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட்டை மினுக்கலாம், வேறெதற்கும் கூடாது என்கிறது அது. ஆனால் பிரிட்டிஷ் டிரைவர் எதிரே வருகிறவருக்கு லைட் அடித்தால் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று அர்த்தம். மான்குர்த்தில் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். நம் வழக்கம் முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் புத்தகத்தில் உள்ள 'நான் இருக்கிறேன்' என்பதற்கு நெருக்கமாக நிற்பது நம்முடையதுதான், பிரிட்டிஷ்காரர்களுடையதல்ல. ஜப்பானிலோ வழிவிட்டவருக்கு நான்கு இண்டிகேட்டரையும் இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்கிறார்கள், அதுவும் எந்த விதியிலும் இல்லாதது. எழுதாத விதி இல்லாத சாலை உலகில் எங்குமில்லை. ஒரே ஊரில், ஒரே சாலையில், ஒரே சைகைக்கு இரண்டு அர்த்தம் இருப்பதுதான் ஆபத்து. புனேயிலிருந்து இரவெல்லாம் ஓட்டிவந்தவரும், செம்பூரில் வளர்ந்து ஆபீசுக்குப் போகிறவரும் காலை எட்டு மணிக்கு மான்குர்த்தில் சந்திக்கும்போது அதுதான் நடக்கிறது.

நகரத்துப் பழக்கத்துக்கு வேறு வம்சாவளி. அது கண்டக்டரின் மணியிலிருந்தும் மீட்டரிலிருந்தும் வந்தது. பெஸ்ட் பஸ்ஸில் ஒற்றை மணி அடித்தால் நிற்க வேண்டும், இரட்டை மணி அடித்தால் கிளம்பலாம். லாரிக் கிளீனரின் தட்டும் இதே இலக்கணம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆட்டோ வழியில் நின்றுபோனால், முன்பின் தெரியாத இன்னொரு ஆட்டோக்காரர் தன் வண்டியைப் பக்கத்தில் ஓட்டியபடியே ஒரு காலை நீட்டி, நின்ற வண்டியின் பின்புறத்தை மிதித்துத் தள்ளிக்கொண்டே போவார். சட்டப்படி இது அபாயகரமான ஓட்டம், தொழில் தர்மப்படி மறுக்கக் கூடாத உதவி. ஷேர் ஆட்டோவில் பின்னால் மூவர் உட்கார்ந்தபின் கடைசியாக வரும் ஆண், டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், பெண்ணை அங்கே உட்காரச் சொல்வதில்லை. இதுவும் சட்டவிரோதம்தான். ஆனால் அதற்குள்ளும் ஒரு வரிசையும் மரியாதையும் இருக்கின்றன.

'இதெல்லாம் அந்தந்த ஊர்க்காரன் குணம், சட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு' என்று கேட்கலாம். மீட்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோவுக்குக் கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். சில மாதங்களில் பேரம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் கட்டணத்தைப் பல ஆண்டுகள் திருத்தாமலே விட்டதால் டிரைவருக்கு மீட்டர் போடக் காரணமே இல்லாமல் போயிற்று. மும்பையிலோ சட்டம் அதேதான், கட்டணத் திருத்தம் மட்டும் தொடர்ந்து வந்தது. கட்டண முறையைப் பரிந்துரைத்த ஹக்கிம் கமிட்டி 2012-இல், கட்டுவா கமிட்டி 2017-இல். ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 2021-இல் 21, 2022-இல் 23, 2025 பிப்ரவரியில் 26 ரூபாய். பழைய இயந்திர மீட்டர் காட்டிய எண்ணை, டிரைவர் எடுத்து நீட்டும் கட்டண அட்டையில் பார்த்துப் பயணி ஒத்துக்கொண்ட காலமும் உண்டு. அவ்வளவு நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர் ஊருக்குப் போனால் பேரம் பேசுகிறார், மும்பை திரும்பினால் வாய் பேசாமல் ஏறி உட்காருகிறார். மாறியது அவர் குணமல்ல. சட்டம் தன் பங்கைச் செய்த இடத்தில் வழக்கம் அதன்மேல் வளர்கிறது, செய்யாத இடத்தில் வழக்கம் வேறு வழி பார்த்துக்கொள்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுதாத விதி எல்லாமே கடைசியில் பெரிய வண்டியின் விதிதான், அதை 'மரபு' என்று அலங்கரிப்பது வலியவனுக்கு வக்காலத்து என்று ஒருவர் சொல்லலாம். பாதிக்குமேல் உண்மை. சிக்னல் இல்லாத சந்திப்பில் பிரதான சாலை வண்டிக்கு வழிவிடு, மற்றபடி வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் எடை பார்த்துத்தான் முடிவாகிறது. ராங் சைடில் வரும் பைக்குகளுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஓரத்தைவிட்டு நகர மாட்டார்கள், ஹாரன் அடிக்க மாட்டார்கள், எதிரே வருகிறவர் முறைத்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். டிவைடரில் திரும்பும் இடம் வெகுதூரத்தில் இருப்பதால் உண்டான பழக்கம் இது. 2022 மார்ச்சில் மும்பைப் போலீஸ் ராங் சைடு ஓட்டுகிறவர்கள்மீது வழக்குப் பதியத் தொடங்கியது சரியே. எவ்வளவு பணிவோடு வந்தாலும் தவறான பக்கத்தில் வரும் வண்டியின் விலையைக் கொடுப்பவர், அந்தப் பக்கம் பார்க்காமல் சாலையில் இறங்கும் நடைபயணி. எழுதாத விதிகளின் பெரிய குறையும் இதுவே: அவை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர்களுக்கிடையிலான ஒப்பந்தங்கள், நடப்பவரை யாரும் கலந்து பேசவில்லை. காட்கோபர்–மான்குர்த் இணைப்புச் சாலையைக் குடத்தோடும் பள்ளிப் பையோடும் கடப்பவர்களுக்கு இருப்பது ஒரே சைகை, உள்ளங்கையை வண்டிப் பக்கம் காட்டுவது. அது போக்குவரத்துப் போலீஸ்காரரின் கையிலிருந்து கடன் வாங்கியது. அதிகாரம் இல்லாதவர் காட்டும் அதிகாரச் சைகை, எதிரே வருகிறவருக்கு முகம் தெரிந்தால்தான் பலிக்கும்.

அப்படியானால் சிக்னலையும் பலகையையும் எடுத்துவிட்டு, மனிதர்கள் முகம் பார்த்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நேர் எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. நெதர்லாந்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன் டிராக்டன் நகரத்தில் ஒரு முக்கியச் சந்திப்பை அப்படித்தான் மாற்றியமைத்தார், அது நன்றாகவே நடந்தது. அவரைக் காட்டி 'இந்தியா ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது' என்று பெருமைப்படுவது நம்மவர்களிடம் ஒரு வாடிக்கை. மாண்டர்மன் முறை ஓடுவது வண்டி மெதுவாகப் போகும் இடத்தில், கண்ணும் கண்ணும் சந்திக்கிற வேகத்தில். ஸ்டேஷன் வாசலில், சந்து முனையில் மான்குர்த்தும் அப்படித்தான் ஓடுகிறது, அங்கே நசுங்குவது பம்பர்தான். பிரச்சினை சில நூறு அடி தள்ளி, நெடுஞ்சாலை வேகத்தில் தொடங்குகிறது. 2013-இல் திறந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் இரு சக்கரமும் மூன்று சக்கரமும் கூடாது, அங்கே பழக்கம் எதுவும் தேவைப்படாத அளவுக்குச் சட்டமே கூட்டத்தைப் பிரித்துவிட்டது. 2021-இல் வந்த காட்கோபர்–மான்குர்த் மேம்பாலமும் கார்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே பெரும்பாலும் மிஞ்சியவர்கள் லாரி, பஸ், ஆட்டோ, பைக், நடைபயணி. ஒருவருக்கொருவர் சைகை மிகவும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்களிடமிருந்தே சைகை காட்டும் ஆட்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். பெஸ்ட்டின் ஒப்பந்தப் பஸ்கள் பலவற்றில் கண்டக்டர் உள்ளே இல்லை, இடப்பக்க ஜன்னலிலிருந்து நீளும் கையும் இல்லை. 2025-இல் மகாராஷ்டிர லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கிளீனர் கட்டாயம் என்பதை நீக்க வேண்டும். கண்ணாடியும் கேமராவும் அந்த வேலையைச் செய்யும் என்பது அவர்கள் வாதம், கூலிக் கணக்கும் அதில் உண்டு. இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். உலைபோல் கொதிக்கும் கேபினில் பகலெல்லாம் உட்கார்ந்த டிரைவருக்கு இது என்றோ கிடைத்திருக்க வேண்டிய உரிமை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி ஏறும்போது, 1939-இலிருந்து கையிடமே விடப்பட்டிருந்த அந்த ஐந்தாவது சைகைக்கு வெளியே வர வழியே கிடையாது. 2016-இலிருந்து சலான் அனுப்பும் கேமராக்களுக்கோ நிறுத்தக் கோடும் ஹெல்மெட்டும் தெரியும், யார் யாருக்குச் சைடு கொடுத்தார் என்பது தெரியாது.

மான்குர்த்துக்காரர் லைசென்சுக்குப் போவது வடாலாவில் உள்ள எம்.எச்.03 ஆர்.டி.ஓ.வுக்கு. பழகுநர் தேர்வில் 15 கேள்வி, 9 சரியானால் பாஸ். வட்டப் பலகைக்கு என்ன அர்த்தம், முக்கோணப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள், கேட்கட்டும். முன்னால் போகும் லாரியின் வலது இண்டிகேட்டர் மினுக்கினால் நீ என்ன செய்வாய் என்று ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பு, 'நீ முந்தலாம்' என்று சொல்ல எந்த விளக்கு, எத்தனை முறை என்பதை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் நாடு முழுமைக்கும் ஒன்றாக எழுதித் தர வேண்டும். எண்பது ஆண்டுக்கு மேலாகப் பாக்கி இருக்கிற வேலை அது.